எம்340ஐயா மஸ்டாங்கா? நீலகிரியில ரெண்டு வருஷம் ஓட்டிப் பாத்த அனுபவம்

வீடு குன்னூர்ல. என்கிட்ட பிஎம்டபிள்யூ எம்340ஐ, மச்சான்கிட்ட ஃபோர்டு மஸ்டாங் ஜிடி, ரெண்டையும் மாத்தி மாத்தி ஓட்டிட்டு இருக்கோம்.

காலைல பனிக்குள்ள மஸ்டாங்கோட அந்த 5.0 லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின ஸ்டார்ட் பண்ணா நெஞ்சுக்குள்ள போய் அதிரும் பாருங்க, அதுக்கு ஈடு எதுவுமே கிடையாது, சத்தியமா சொல்றேன். ஆனா அதுல டர்போ இல்ல, ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல, காத்து மெலிசு, அதனால மேட்டுப்பாளையத்துல 401 பிஎஸ் (குதிரைத்திறன்) பவரோட கிளம்புற இன்ஜின் மேல வர்றதுக்குள்ள அஞ்சுல ஒரு பங்கு கிட்ட பவர விட்டுடும். எம்340ஐல டர்போ காத்த அமுக்கி உள்ள தள்ளிடுது, அந்த 3.0 லிட்டர் ஸ்ட்ரெயிட் சிக்ஸ் (ஒரே வரிசையில ஆறு சிலிண்டர்) இன்ஜின் மேல வந்தும் அவ்வளவா சோர்வு காட்டாது.

அப்புறம் மழை. ஊட்டிக்கும் மசினகுடிக்கும் நடுவுல இருக்கற கல்லட்டி மலைப்பாதையில 36 கொண்டை ஊசி வளைவு, ரோடு நனைஞ்சா மஸ்டாங்ல பின் வீல் மட்டும் தள்றப்போ ஆக்சிலேட்டர்ல கால் வைக்கவே பயமா இருக்கும், கிட்டத்தட்ட 1.9 மீட்டர் அகலம் வேற, எதிர்ல பஸ் வந்தா ஒதுங்க இடமே இருக்காது. நாலு வீலுக்கும் பவர் போற எம்340ஐல வீட்டுக்காரம்மா, பசங்களோட நிம்மதியா வருவேன்.

சர்வீஸுக்கு ரெண்டுக்கும் கோயம்புத்தூர் இறங்கணும். எம்340ஐ சென்னை பக்கத்துல அசெம்பிள் ஆகுது, மஸ்டாங் முழுசா இறக்குமதி, ஃபோர்டு 2021லயே இங்க தயாரிப்ப நிறுத்துறதா சொல்லிட்டாங்க, பார்ட்ஸுக்கு பொறுமை வேணும்.

மலையில குடியிருக்கீங்கன்னா எம்340ஐ எடுங்க. மச்சான் மட்டும் மஸ்டாங்க விக்க மாட்டாரு, நானும் விக்கச் சொல்ல மாட்டேன்.