ஐகிளவுட், கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ்: கோப்புகளை யாரிடம் ஒப்படைப்பது?

ஆப்பிள் நிறுவனத்தின் வன்பொருளைக் குறை சொல்பவர்கள் இன்று குறைவு. 2020-இல் எம்1 சில்லு வந்த பிறகு மேக் மடிக்கணினிகளின் வேகமும் பேட்டரி உழைப்பும் போட்டியாளர்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டன. ஆனால் அந்தக் கணினியில் சேமித்த ஒரு கோப்பு கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பயனரின் எரிச்சல் மட்டும் தணியவே இல்லை. ஆப்பிளின் ஐகிளவுட், கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ், மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ் என, கோப்புகளை இணையத்தில் வைத்துக்கொள்ள உதவும் கிளவுட் சேமிப்புச் சேவைகளை ஒப்பிடுபவர்கள் வழக்கமாக எத்தனை ஜிபி, மாதம் எவ்வளவு என்ற அட்டவணையோடு நின்றுவிடுகிறார்கள். நான் இங்கே வேறொரு அளவுகோலை எடுத்துக்கொள்கிறேன்: ஏதோ ஒன்று பழுதாகும்போது அந்தச் சேவை பயனரிடம் என்ன சொல்கிறது, அதைச் சரிசெய்ய அவர் கையில் என்ன கொடுக்கிறது என்பதே அது. பழுதே ஆகாத சேவை இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை என்பதால், இதுதான் நியாயமான அளவுகோல் என்று கருதுகிறேன்.

ஐகிளவுடின் குறையைப் புரிந்துகொள்ள அதன் முன்னோடிகளைப் பார்க்க வேண்டும். 2000-இல் ஐடூல்ஸ் இலவசமாக வந்தது. 2002-இல் அது டாட் மேக் என்ற பெயரில் ஆண்டுக்கு 99.95 டாலர் கட்டணச் சேவையானது. 2008 ஜூலையில், ஐபோன் 3ஜி வெளியான அதே நேரத்தில், மொபைல்மீ ஆனது. அந்தத் தொடக்கம் ஒரு பெரும் சறுக்கல். பயனர்களில் ஒரு பகுதியினர் பல நாட்கள் தங்கள் மின்னஞ்சலையே திறக்க முடியாமல் தவித்தார்கள். அது ஆப்பிளின் தரத்துக்கு ஏற்றதாக அமையவில்லை என்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டார்; 2011 ஜூனில் ஐகிளவுடை அறிமுகம் செய்த மேடையிலும் மொபைல்மீயின் தோல்வியை அவரே எடுத்துப் பேசினார். அந்த வெளிப்படைத்தன்மை இன்றைய ஐகிளவுடில் இல்லை என்பதுதான் என் முதன்மையான மனக்குறை.

இது கிளவுடோடு நிற்கும் சிக்கலும் அல்ல. 2014 செப்டம்பரில் வந்த, ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ்-இன் 8.0.1 புதுப்பிப்பு, அப்போதுதான் விற்பனைக்கு வந்திருந்த ஐபோன் 6 கருவிகளில் கைப்பேசி இணைப்பையே துண்டித்தது. அதை ஆப்பிள் உடனே திரும்பப் பெற வேண்டியிருந்தது. அதே ஆண்டு மேக்கின் யோசெமிட்டி இயங்குதளத்தில், நன்றாக உழைத்துக்கொண்டிருந்த வலையமைப்பு நிரலை நீக்கிவிட்டு டிஸ்கவரிடி என்ற புதிய நிரலை வைத்தார்கள். வைஃபை இணைப்பு முதல் கணினியின் பெயர் வரை எல்லாம் குழம்பியதால், 2015 ஜூனில் பழைய நிரலுக்கே திரும்பினார்கள். 2017 நவம்பரில் வெளியே தெரிந்த, ஹை சியரா என்ற மேக் இயங்குதளப் பதிப்பின் பாதுகாப்பு ஓட்டை இவை எல்லாவற்றையும் மிஞ்சியது. பயனர் பெயர் கேட்கும் இடத்தில் ‘ரூட்’ என்று தட்டி, கடவுச்சொல் பெட்டியை வெறுமையாக விட்டு, பொத்தானைச் சில முறை அழுத்தினால் போதும். கணினியின் முழு நிர்வாக அதிகாரமும் கிடைத்துவிடும். மறுநாளே திருத்தம் வந்தது, ஆனால் அந்தத் திருத்தம் சிலருடைய கணினிகளில் கோப்புப் பகிர்வைக் கெடுத்தது. 2018 பிப்ரவரியில் ஒரேயொரு தெலுங்கு எழுத்துக்கூட்டு குறுஞ்செய்தியில் வந்தால் ஐபோன் செயலிகள் முடங்கின. 2024 மே மாதம் ஐஓஎஸ் 17.5-க்கு மாறியவர்களில் சிலருக்கு, எப்போதோ அழித்த புகைப்படங்கள் தொகுப்பில் மீண்டும் தோன்றின.

இத்தகைய பிழைகள் வேறு நிறுவனங்களிலும் உண்டு. ஆனால் ஆண்டுதோறும் செப்டம்பரில் புதிய ஐபோனோடு புதிய இயங்குதளமும் வந்தே தீர வேண்டும் என்ற கால அட்டவணைதான், பக்குவப்படாத நிரலையும் வெளியே தள்ளிவிடுகிறது என்று நினைக்கிறேன். புதிய வசதிகளைக் குறைத்து வேகத்துக்கு முன்னுரிமை தந்த ஐஓஎஸ் 12 பலரிடம் நல்ல பெயர் வாங்கியதும், அதற்கு அடுத்த ஆண்டு வந்த ஐஓஎஸ் 13 ஐந்தே நாட்களில் 13.1 என்ற திருத்தத்தைத் தேட வேண்டியிருந்ததும் இதற்குச் சான்று. அந்த 13-ஆம் பதிப்போடு வருவதாக அறிவிக்கப்பட்ட ஐகிளவுட் கோப்புறைப் பகிர்வு, 2020 மார்ச்சில்தான் கைக்கு வந்தது.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். ஐகிளவுட் டிரைவில் ஒரு கோப்பு மேலே ஏறாமல் நின்றுவிட்டால் பயனருக்குத் தெரிவது ஒரு சிறு மேகப் படமும், பதிவேற்றக் காத்திருக்கிறது என்ற ஒரு வரியும்தான். எதற்காகக் காத்திருக்கிறது, இணையமா, இடமா, கோப்பின் பெயரா, சேவையகமா என்று எங்கும் சொல்லப்படுவதில்லை. ஒத்திசைவை, அதாவது எல்லாக் கருவிகளிலும் கோப்புகளை ஒன்றுபோல் வைக்கும் வேலையை, நிறுத்தி வைக்கவோ, இப்போதே தொடங்கு என்று கட்டளையிடவோ மேக்கின் கோப்பு உலாவியான ஃபைண்டரில் ஒரு பொத்தான் இல்லை. அனுபவமுள்ளவர்கள் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையம் (டெர்மினல்) என்ற செயலியைத் திறந்து, பின்னணியில் ஓடும் ‘பேர்ட்’ என்ற நிரலை வலிந்து நிறுத்தி, அது தானாக மீண்டும் எழுந்து வேலையைத் தொடரும் என்று எதிர்பார்க்கிறார்கள். கணினியைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ளத் தேவையில்லை என்று சொல்லி விற்கப்படும் கருவியில், சாதாரணப் பயனர் ஒரு பின்னணி நிரலின் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது.

டிராப்பாக்ஸில் நிலைமை முற்றிலும் வேறு. திரையோரப் பட்டியில் உள்ள அதன் சின்னத்தைச் சொடுக்கினால் எத்தனை கோப்புகள் மிச்சம், எது ஏறிக்கொண்டிருக்கிறது என்று தெரிகிறது. விரும்பினால் நிறுத்தி வைக்கலாம். ஒரே கோப்பை இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால், ஒருவருடைய பிரதியை முரண்பட்ட பிரதி என்று பெயரிட்டுத் தனியே வைத்துவிடுகிறது. பார்க்க அழகாக இல்லாவிட்டாலும் யாருடைய உழைப்பும் காணாமல் போவதில்லை. அது கோப்புகளை 4 எம்பி துண்டுகளாகப் பிரித்துக் கையாள்வதால், பெரிய கோப்பில் ஒரு மூலையை மட்டும் மாற்றினால் மாறிய துண்டுகள் மட்டுமே பயணிக்கின்றன. மெதுவான இணைப்பில் வேலை செய்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒன்டிரைவும் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் முறையை 2020 முதல் எல்லாக் கோப்பு வகைகளுக்கும் தருகிறது. 2, 8 அல்லது 24 மணி நேரம் ஒத்திசைவை நிறுத்தி வைக்கும் தேர்வும் அதில் உண்டு. கூகுள் டிரைவ் இவற்றுக்கு இடையில் நிற்கிறது: நிலையைக் காட்டுகிறது, நிறுத்தவும் விடுகிறது.

கணினியில் இடம் குறையும்போது எந்தக் கோப்பை உள்ளே வைப்பது, எதைக் கிளவுடில் மட்டும் விடுவது என்பது அடுத்த கேள்வி. ஆப்பிள் இதை நெடுங்காலம் தானே முடிவு செய்துவந்தது. நாளை காலை வகுப்பெடுக்க வேண்டிய ஆசிரியர் ரயிலில் மடிக்கணினியைத் திறக்கிறார். கோப்பின் பெயர் இருக்கிறது, உள்ளடக்கம் இல்லை, இணைப்பும் இல்லை. குறிப்பிட்ட கோப்பு எப்போதும் என் கணினியிலேயே இருக்கட்டும் என்று சொல்லும் வசதி விண்டோஸ் ஒன்டிரைவில் 2017-இலேயே வந்துவிட்டது. மேக்கில் ஐகிளவுடுக்கு அது 2024-இல், செக்கோயா பதிப்பில்தான் கிடைத்தது. இந்த ஏழு ஆண்டுத் தாமதத்துக்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை. பயனருக்கு அந்த அதிகாரம் தேவையில்லை என்ற எண்ணமே காரணமாக இருந்திருக்க வேண்டும்.

மேசைத்திரையையும் ஆவணங்கள் கோப்புறையையும் கிளவுடுக்கு நகர்த்தும் வசதியில் மட்டும் ஆப்பிளும் மைக்ரோசாஃப்டும் ஒரே தவற்றைச் செய்கின்றன. 2016 முதல் உள்ள இந்த ஆப்பிள் வசதியை ஒருவர் அணைத்தால், கணினியில் அந்த இரு கோப்புறைகளும் வெறிச்சென்று காட்சியளிக்கும். கோப்புகள் ஐகிளவுட் டிரைவுக்குள் பத்திரமாக இருந்தாலும், பார்ப்பவருக்கு ஒரு கணம் எல்லாம் போய்விட்டது போலிருக்கும். ஒன்டிரைவிலும் இதே கதைதான். என் கோப்புகள் எங்கே என்ற பொருளில் ஒரு குறுக்குவழியை அங்கே விட்டுச் செல்கிறது என்பது மட்டுமே வேறுபாடு. அந்தச் சிறு குறிப்புக்கூட ஆறுதல்தான்.

போட்டியாளர்களின் கணக்கிலும் கறைகள் உண்டு, அவற்றை மறைப்பது நேர்மையாகாது. 2011 ஜூனில் சுமார் நான்கு மணி நேரம் எந்தக் கடவுச்சொல்லை இட்டாலும் டிராப்பாக்ஸ் கணக்குகள் திறந்தன. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு சிலருடைய ஆவணங்களையே அழித்துவிட்டதால், மைக்ரோசாஃப்ட் அதன் விநியோகத்தை நிறுத்தியது. 2023 நவம்பரில் கூகுள் டிரைவின் கணினிச் செயலியில் 84-ஆம் பதிப்பைப் பயன்படுத்தியவர்களில் சிலருக்கு மாதக்கணக்கான கோப்புகள் காணாமல் போயின. ஆனால் கூகுள் எந்தப் பதிப்பில் சிக்கல் என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டது, கணக்கைத் துண்டிக்காதீர்கள் என்று எச்சரித்தது, சில வாரங்களில் மீட்புக் கருவியையும் கொடுத்தது. பதிப்பெண்ணோடு சிக்கலைச் சொல்லும் இந்தப் பழக்கத்தையே ஆப்பிளிடம் எதிர்பார்க்கிறேன்.

மற்ற மூவரிடமும் உள்ள வேறொரு குறை, கொடுத்த வாக்கைத் திரும்பப் பெறுவது. மைக்ரோசாஃப்ட் 2014-இல் வரம்பற்ற இடம் என்றது, 2015 நவம்பரில் அதைக் கைவிட்டது. இலவச அளவும் 15 ஜிபி-யிலிருந்து 5 ஜிபி ஆனது. கூகுள் போட்டோஸின் வரம்பற்ற இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1 அன்று முடிந்தது. டிராப்பாக்ஸ் 2019-இல் இலவசக் கணக்குகளை மூன்று கருவிகளுக்குள் அடக்கியது.

விலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலவசமாகக் கூகுள் 15 ஜிபி, ஆப்பிளும் மைக்ரோசாஃப்டும் 5 ஜிபி, டிராப்பாக்ஸ் 2 ஜிபி தருகின்றன. ஆப்பிளின் 5 ஜிபி 2011-இல் நிர்ணயிக்கப்பட்டது. அந்த ஆண்டின் ஐபோன் 4எஸ் 16 ஜிபி-யில் தொடங்கியது, 2025-இன் ஐபோன் 17 தொடங்குவதோ 256 ஜிபி-யில். கட்டணத் திட்டங்களிலும் 200 ஜிபி-க்கு அடுத்த படி 2 டிபி (ஏறத்தாழ 2,000 ஜிபி) என்பதால், 300 ஜிபி வைத்திருக்கும் குடும்பம் தேவைக்கு மேல் பல மடங்குக்குப் பணம் கட்டுகிறது.

இவ்வளவு குறைகள் இருந்தும் ஐபோன் வைத்திருப்பவர்கள் ஏன் ஐகிளவுடை விட்டு விலகுவதில்லை? கைப்பேசியின் முழுக் காப்புப் பிரதியை இணையம் வழியாக எடுக்க வேறு எந்தச் சேவைக்கும் அனுமதி இல்லை. ஐகிளவுட் வேண்டாம் என்றால் கணினியில்தான் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனின் நுகர்வோர் அமைப்பான விச் 2024 நவம்பரில் ஏறத்தாழ 4 கோடிப் பயனர்கள் சார்பில் 300 கோடி பவுண்டு கேட்டு ஆப்பிள் மீது தொடுத்த வழக்கின் மையமே இந்தப் பூட்டுதான். வாடிக்கையாளர் போக வழியில்லை என்று தெரிந்தால் பழுதைச் சரிசெய்ய யாருக்கு அவசரம் வரும்? தரம் சரிவதற்கு ஆண்டு அட்டவணையை விடவும் இதுவே ஆழமான காரணம் என்று நம்புகிறேன்.

ஆப்பிள் தெளிவாக முந்துவது அந்தரங்கப் பாதுகாப்பில். 2022 டிசம்பரில் அமெரிக்காவிலும் அடுத்த மாதம் பிற நாடுகளிலும் அறிமுகமான மேம்பட்ட தரவுப் பாதுகாப்பைப் பயனர் இயக்கினால், புகைப்படங்களையும் கோப்புகளையும் காப்புப் பிரதியையும் ஆப்பிளே திறந்து பார்க்க முடியாது. தனிநபர் கணக்குகளுக்குக் கூகுள் டிரைவோ ஒன்டிரைவோ இதற்கு இணையானதைத் தருவதில்லை. கடவுச்சொல்லை மறந்து, மீட்புச் சாவி எனப்படும் குறியீட்டையும் தொலைத்துவிட்டால் தரவை யாராலும் மீட்க முடியாது என்பதும், அரசின் அழுத்தத்தால் 2025 பிப்ரவரியில் பிரிட்டனில் ஆப்பிள் இதை விலக்கிக்கொண்டது என்பதும் மனத்தில் இருக்கட்டும்.

தமிழில் கோப்புகளுக்குப் பெயர் வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ போன்ற எழுத்துகளின் உயிர்க்குறியை, கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மேக்கின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. விண்டோஸ் அப்படிச் செய்வதில்லை. இரு வகையிலும் எழுதப்பட்ட ஒரே பெயர் மோதும்போது, டிராப்பாக்ஸ் ஒன்றின் பெயரோடு யூனிகோட் குறியாக்க முரண் என்ற குறிப்பைச் சேர்த்து இரண்டையும் காட்டுகிறது. சிக்கலைத் தீர்க்காவிட்டாலும் கண்ணில் காட்டுகிறது.

என் பரிந்துரை இதுதான். பலரோடு பகிர்ந்து திருத்தும் வேலைக் கோப்புகளுக்கு டிராப்பாக்ஸ். மைக்ரோசாஃப்ட் 365-இன் பர்சனல் அல்லது ஃபேமிலி சந்தா ஏற்கெனவே இருந்தால் அதனுடன் வரும் 1 டிபி ஒன்டிரைவ் போதும், தனியாகப் பணம் கட்ட வேண்டாம். ஆண்ட்ராய்டும் கணினியும் கலந்த வீட்டுக்குக் கூகுள் டிரைவ். ஐபோன் இருந்தால் காப்புப் பிரதிக்கும் புகைப்படங்களுக்கும் ஐகிளவுடை வைத்துக்கொள்ளலாம், ஆனால் இழக்க முடியாத வேலைக் கோப்புகளை அதை மட்டும் நம்பி வைக்க வேண்டாம். எதைத் தேர்ந்தாலும் ஒத்திசைவு காப்புப் பிரதி ஆகாது. ஓரிடத்தில் அழித்தது எல்லா இடத்திலும் அழியும் என்பதால், தனி வன்வட்டில் ஒரு பிரதி கட்டாயம் வேண்டும்.

இடம் மாற நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஐகிளவுட் புகைப்படங்களைக் கூகுள் போட்டோஸுக்கு நகலெடுக்கும் வசதியை ஆப்பிள் தன் தரவு மற்றும் அந்தரங்க உரிமைப் பக்கத்தில் 2021 மார்ச் முதல் தருகிறது. கோரிக்கை நிறைவேறச் சில நாட்கள் ஆகும். சிறு அசைவோடு பதிவாகும் லைவ் போட்டோக்களும், விதிப்படி தானாகத் தொகுக்கப்படும் ஸ்மார்ட் ஆல்பங்களும் அப்படியே போய்ச் சேர்வதில்லை. மூலப் படங்கள் ஐகிளவுடிலேயே இருக்கும், எனவே எண்ணிக்கையை இரு பக்கமும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அழிக்கத் தொடங்க வேண்டும்.