பளபளப்பு குறைந்தால் கடைசி வீலைக் கழற்றாதீர்கள்

கல் பலகையின் ஓரத்தைத் தேய்த்து மினுக்கும் எட்ஜ் மெஷினில் மினுக்கம் குறைந்ததும் பெரும்பாலான பட்டறைகளில் முதலில் கழற்றுவது இறுதி மினுக்கம் தரும் கடைசி பஃப் வீலைத்தான். புதுசு போட்டதும் கொஞ்ச நேரம் நன்றாக ஓடும், அப்புறம் ஓரம் மறுபடி மங்கும், உடனே "மட்டமான வீல் அனுப்பிட்டாங்க" என்று பேச்சு ஆரம்பிக்கும். சிங்கப்பூர் சுங்கை காடுட்டில் பல வருடங்களாக இந்த மெஷினோடு நிற்கிறேன். கோளாறு கடைசி வீலில் இருந்தது அபூர்வம். இரண்டாவது, மூன்றாவது வீலில் இருக்கும், இல்லையென்றால் தண்ணீரில் இருக்கும்.

50, 100, 200, 400, 800, 1500, 3000 என்று கிரிட் (துகள் எவ்வளவு நுண்மை என்று சொல்லும் எண்) ஏறிக்கொண்டே போகிற வரிசையில் ஒவ்வொரு வீலுக்கும் ஒரே வேலைதான், முந்தைய வீல் போட்ட கீறலை அழிப்பது. 200 ஒழுங்காக வெட்டவில்லை என்றால் 100 போட்ட கீறல் அப்படியே தங்கிவிடும். 400 அதில் கொஞ்சத்தை எடுக்கும். 3000 எதையும் எடுக்காது, கீறலைச் சுற்றியுள்ள இடத்தை மினுக்கி, கீறலை இன்னும் எடுப்பாகக் காட்டிவிடும். கறுப்புக் கல்லில் இது உடனே தெரியும், மேல்பரப்பு கன்னங்கரேலென்று இருக்க ஓரம் மட்டும் சாம்பல் பூத்து நிற்கும்.

எந்த வீலில் பிரச்சினை என்று கண்டுபிடிக்க நான் செய்வது இதுதான். ஒரு கழிவுத் துண்டை ஓடவிட்டு, முதல் ஹெட் (வீல் மாட்டிய சுழலும் தலை) மட்டும், அடுத்து முதல் இரண்டு, அடுத்து முதல் மூன்று என்று நிறுத்தி நிறுத்தி எடுத்து, ஒவ்வொரு முறையும் ஓரத்தை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்ப்பேன். காயவிடாமல் பார்த்துப் பயனில்லை. தண்ணீர் கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் எல்லா ஓரமும் நல்ல ஓரமாகத்தான் தெரியும். எந்த இடத்தில் பழைய கீறல் போகாமல் நிற்கிறதோ அந்த வீலைக் கழற்றுங்கள்.

கழற்றினால் பல சமயம் அந்த வீலில் இன்னும் பாதி ரெசின் (துகள்களைப் பிடித்திருக்கும் பிசின்) மிச்சமிருக்கும். தேய்ந்திருக்காது, மழுங்கியிருக்கும். ரெசினுக்குள் இருக்கும் வைரத் துகள்கள்தான் கல்லை வெட்டுகின்றன. மேலே இருப்பவை மழுங்கும்போது ரெசினும் கூடவே தேய்ந்து புதுத் துகள்களை வெளியே தள்ள வேண்டும். அழுத்தம் போதாமல் இருந்தாலோ, வேகம் அதிகமாக இருந்தாலோ, கல்லுக்கு ஒவ்வாத ரெசினாக இருந்தாலோ அது நடக்காது. வீலின் முகம் வழவழவென்று ஆகிவிடும், அப்புறம் அது கல்லின் மேல் வழுக்கிக்கொண்டு போகும், சூடு மட்டும் ஏறும். காற்றழுத்தத்தில் இறங்குகிற ஹெட் என்றால் மோட்டார் இழுக்கும் மின்சாரத்தைக் காட்டும் ஆம்ப் மீட்டரைக் கவனியுங்கள். அதே அழுத்தம், அதே கல், ஆனால் முள் வழக்கத்தைவிடக் கீழே நிற்கிறது என்றால் வீல் வெட்டவில்லை என்று அர்த்தம். வெட்டவில்லையே என்று காற்றைக் கூட்டினால் ஓரம் கருகும், மூலை உடையும்.

இதற்கு மருந்து டிரெஸ்ஸிங் கல், மழுங்கிய வீலின் முகத்தைத் தேய்த்துத் திறக்கிற கட்டி. துகளை உலோகம் பிடித்திருக்கும் கரடான மெட்டல் வீலுக்குச் சிலிக்கான் கார்பைடு கட்டி, ரெசின் வீலுக்கு அதைவிட மென்மையான கட்டி. வேகத்தைக் குறைத்து, தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, வீலின் முகம் முழுக்க ஒரே சீராக லேசாகப் பிடிக்க வேண்டும். தொட்டுப் பார்த்தால் சொரசொரப்பு திரும்பியிருந்தால் போதும், அதற்கு மேல் தேய்ப்பது காசைத் தேய்ப்பது. சிலர் மணற்கல் துண்டை ஓடவிட்டு வீலைத் திறப்பார்கள். முதல் ஒன்றிரண்டு மெட்டல் வீலுக்கு அது சரிதான். 800க்கு மேல் அந்தப் பக்கமே போகாதீர்கள், மணல் பரல் ஒன்று ரெசினில் பதிந்துவிட்டால் அந்த வீல் கீறிக்கொண்டே இருக்கும்.

கல்லுக்குக் கல் நடத்தை மாறும். இங்கே வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறைகளுக்கு நாங்கள் செய்வதில் பெரும்பகுதி செயற்கைக் குவார்ட்ஸ். அதில் 90 விழுக்காட்டுக்கு மேல்கூடக் குவார்ட்ஸ் இருக்கும், மிச்சம் பாலியெஸ்டர் ரெசினும் நிறமும். அந்த ரெசின்தான் வில்லங்கம், சூடு ஏறினால் இளகி வீலின் முகத்தில் பூசிக்கொள்ளும், கல்லின் ஓரத்தில் வெள்ளையாகப் படலம் விடும். அடர்ந்த நிறப் பலகையில் அந்தப் படலம் விழுந்தால் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தப்பாது. குவார்ட்ஸ் ஓட்டும்போது வேகத்தைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவேன், வீலை அடிக்கடி கழுவுவேன். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கறுப்புக் கல் வேறு மாதிரி. கிரானைட் என்று விற்றாலும் அது டோலரைட் என்ற வேறு பாறை, குவார்ட்ஸ் மிகக் குறைவு, வீலைத் தானாகத் திறந்துவிடாது, அதனால் டிரெஸ்ஸிங் அடிக்கடி தேவைப்படும். மேலூர்ப் பக்கத்திலிருந்து வரும் காஷ்மீர் வொயிட் என்ற வெள்ளைக் கல்லில் குவார்ட்ஸ் இருக்கிறது, வீல் திறந்தே ஓடும், அதற்கேற்ப சீக்கிரம் தேயவும் செய்யும். நம்ம ஊர்க் கல்லை இந்த ஊர் அடுப்படியில் ஏற்றும்போது ஓரம் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு, அதை மறைக்கவில்லை. வெள்ளைப் பளிங்குக்குத் தனி வீல் வைத்துக்கொள்ளுங்கள். நிறமுள்ள ரெசினின் சாயம் பளிங்கின் துளைகளில் இறங்கினால் வெளியே எடுப்பது பெரும்பாடு.

தண்ணீரைப் பற்றி நிறையச் சொல்லலாம். எல்லாப் பட்டறையிலும் தொட்டியில் சேற்றைப் படியவிட்டு அதே தண்ணீரைத் திரும்பச் சுற்றுகிறோம், செலவு மிச்சம், தவிர கல் சேற்றை வாய்க்காலில் விடுவது இங்கே சட்டப்படி குற்றம். ஆனால் தொட்டி நிரம்பிவிட்டால் முதல் வீல் உதிர்த்த கரட்டுத் துகள் அந்தத் தண்ணீரோடு 1500, 3000 ஹெட்டுக்கும் போய்ச் சேரும். நீளமாக, ஒழுங்கில்லாமல், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கீறல் விழுந்தால் முதலில் தொட்டியைப் பாருங்கள். எங்கள் மெஷினில் கடைசி ஹெட்டுகளுக்கு மட்டும் குழாய்த் தண்ணீரைத் தனியாக இழுத்துக் கொடுத்த பிறகு அந்த வகைக் கீறல் அநேகமாக நின்றுபோனது. நான் செய்த மாற்றங்களில் இதற்குத்தான் அதிகப் பலன். வீலின் நடுவில் இருக்கும் தண்ணீர்த் துளைகளையும் பாருங்கள். வெளியே குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும், உள்ளே துளை அடைத்து வீல் வறண்டு வெந்துகொண்டிருக்கும்.

வேலை முடிந்ததும் வீலைக் கழுவாமல் விட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சேறு சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். திங்கட்கிழமை அதைக் காற்றுக் குழாய் வைத்து ஊதுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தம்பிகளா, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பறக்கிற தூசி சிலிக்கா, கண்ணுக்குத் தெரியாத அளவுத் துகள்கள்தான் நுரையீரலின் அடிவரை போகும். சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தால் திரும்பப் போகாது. செயற்கைக் குவார்ட்ஸை ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடை செய்தது இந்த நோயால்தான். இங்கே நாம் இன்னும் அதை வெட்டிக்கொண்டிருக்கிறோம், ஆகவே கழுவுவதும் டிரெஸ்ஸிங்கும் ஈரத்தில்தான், முகக்கவசத்தோடுதான். முதலாளி அவசரப்படுத்தினாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கழுவும்போது கரடான வீலையும் 3000ஐயும் ஒரே வாளியில் போடாதீர்கள்.

மாட்டும்போது ஃபிளேஞ்சும் (வீலைத் தாங்கும் தட்டு) வீலின் முதுகும் சுத்தமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நடுவில் மெல்லிய சேற்றுப் படலம் இருந்தாலே வீல் ஆடும், ஆடினால் ஓரத்தில் அலை விழும். அம்புக்குறி காட்டும் திசையில் ஓடிப் பழகிய வீலை எப்போதும் அதே திசையில் ஓட்டுங்கள்.

சிங்க் துளை வெட்டுவதும், புல்நோஸ் என்ற உருண்டை ஓர வளைவும் கணினி இயக்கும் சிஎன்சி மெஷினில் போகும். ஓரத்துக்கு வடிவம் தரும் அந்த ப்ரொஃபைல் வீல்களைக் கையால் கண்டபடி தேய்க்கக்கூடாது, வடிவமே போய்விடும். மெட்டல் வீல் தேய்ந்தால் திரும்ப வடிவமெடுக்க அனுப்பலாம், ஆனால் வந்ததும் விட்டத்தை அளந்து மெஷினில் அந்த எண்ணை மாற்ற வேண்டும், செட்டில் ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றவற்றோடு பொருந்தாமல் வளைவின் நடுவே ஒரு கோடு விழும். வேகத்தையும் வீலின் அளவோடு சேர்த்தே பாருங்கள். நிமிடத்துக்கு 3000 சுற்றில் 150 மி.மீ. வீலின் விளிம்பு வினாடிக்கு ஏறத்தாழ 23.5 மீட்டர் ஓடும், 100 மி.மீ. வீலில் அது 16க்கும் கீழே. ஒரே எண்ணைப் போட்டு இரண்டையும் ஓட்டிவிட்டு வீலைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில்தான் இதெல்லாம் கைவிட்டுப் போகும். எல்லாருக்கும் பண்டிகைக்கு முன் சமையலறை முடிந்தாக வேண்டும், மெஷின் நிற்காது, டிரெஸ்ஸிங்குக்கு நேரம் கேட்டால் முகம் சுளிப்பார்கள். அந்தச் சமயத்துக்கென்றே குவார்ட்ஸுக்கு ஒரு செட், இயற்கைக் கல்லுக்கு ஒரு செட் என்று தனித்தனியாக, எந்த ஹெட்டுக்கு என்று எண் எழுதி, வெயில் படாத ரேக்கில் நிறுத்தி வைத்திருக்கிறோம். மழுங்கியதைக் கழற்றி அடுத்ததை மாட்டிவிட்டு, டிரெஸ்ஸிங்கைச் சாயங்காலம் உட்கார்ந்து பார்க்கலாம். வாங்கும்போது ஒரே தயாரிப்பாளரின் முழுச் செட்டாக வாங்குங்கள், 200 ஒருவரிடம், 400 இன்னொருவரிடம் என்று மலிவு பார்த்துச் சேர்த்தால் கீறலின் ஆழம் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. ரெசின் அடித்தட்டை நெருங்கும்போது, அதாவது இரும்பு கல்லைத் தொடுவதற்கு நன்றாக முன்பே, வீலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.