யாருக்கு யார் அடங்குவது? ஒரு விலங்கியல் வீடியோ வகுப்பு பற்றி

விலங்குகளில் ஆண் கை ஓங்கியிருக்கிறதா, பெண் கையா என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு முழு ஆன்லைன் வகுப்பு. பாடங்களுக்காகத் தாராளமாகச் சேரலாம், கடைசியில் வரும் தேர்வுக்காகச் சேரவே வேண்டாம்.

கழுதைப்புலிப் பாடம்தான் இதில் உச்சம். புள்ளிக் கழுதைப்புலிக் கூட்டத்தில் பெண்கள் மேலே, வெளியிலிருந்து வந்து சேரும் ஆண்கள் அடியில் என்பது பலரும் கேள்விப்பட்டதுதான், பெண் உடம்பில் கொஞ்சம் பெரியது, அதனால் ஜெயிக்கிறது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இங்கே அப்படி விடவில்லை. தான்சானியாவின் ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தில் நடந்த நீண்டகால ஆய்வை வைத்து, இரண்டு கழுதைப்புலிகள் நேருக்கு நேர் வந்தால் எது ஒதுங்கும் என்று பொறுமையாக விளக்குகிறார்கள். எதற்குத் துணைக்கு வர ஆள் அதிகமோ அதுதான் பெரும்பாலும் ஜெயிக்கிறது, ஆணோ பெண்ணோ. பெண்கள் பெரும்பாலும் பிறந்த கூட்டத்திலேயே இருந்துவிடுவதால் சொந்தபந்தம் பக்கத்திலேயே இருக்கிறது, தாயின் அந்தஸ்தும் குட்டிக்கு வந்துவிடுகிறது. வேறு கூட்டத்துக்குப் போய்ச் சேரும் ஆணுக்கு அங்கே யாரைத் தெரியும்?

இரண்டு கழுதைப்புலிகள் தலைமாறி நின்று ஒன்றையொன்று முகர்ந்துகொள்ளும் வரவேற்புக் காட்சி ஒன்று வருகிறது. அதை மெதுவாக ஓடவிட்டு, எது முதலில் பின்னங்காலைத் தூக்குகிறது பாருங்கள், பெரும்பாலும் அதுதான் அந்தஸ்தில் கீழே உள்ளது என்கிறார்கள். சண்டையும் இல்லை, கடியும் இல்லை, ஒரு கால் அசைவில் விஷயம் முடிந்துவிடுகிறது. ஆதிக்கம் என்றாலே பல்லைக் காட்டிக்கொண்டு பாய்வது என்று நினைப்பவர்கள் இந்தக் காட்சியை இரண்டு தடவை பார்க்கணும்.

சிம்பன்சிக்கு நெருங்கிய சொந்தமான போனோபோ என்ற வாலில்லாக் குரங்கு பற்றிய பாடமும் நன்றாகவே இருக்கிறது. அங்கே ஆண்தான் உடம்பில் பெரியது, ஆனாலும் பெண்கள் கூட்டு சேர்ந்து விரட்டினால் தனி ஆள் என்ன செய்யும்? காங்கோ ஜனநாயகக் குடியரசில் திரட்டிய பல வருடத் தரவுகளை வைத்து 2025இல் வந்த ஆய்வில், பெண்கள் அமைத்த கூட்டணிகளில் சுமார் 85 சதவீதம் ஆண்களுக்கு எதிராகத்தான் இருந்திருக்கிறது. குரங்குகளுக்குத் தூரத்துச் சொந்தமான, மடகாஸ்கரின் வரிவால் லெமூருக்கு இன்னும் நேரம் கொடுத்திருக்கலாம். அங்கே ஆணும் பெண்ணும் கிட்டத்தட்ட ஒரே அளவு, கூட்டணியும் பெரிதாக இல்லை, அப்படியும் பெண் வந்தால் ஆண் சாப்பாட்டை விட்டு நகர்ந்துவிடுகிறது. ஏன் என்பதுதான் சுவாரசியமான கேள்வி, அதை ஓரிரு வாக்கியத்தில் கடந்துவிட்டார்கள். கோமாளி மீனும் இலைக்கோழியும் சும்மா தலைகாட்டிவிட்டுப் போகின்றன.

யானையைப் பெண் ஆதிக்கப் பட்டியலில் சேர்த்ததை மட்டும் ஏற்க முடியவில்லை. மூத்த பெண் யானை நடத்திச் செல்வது பெண்களும் குட்டிகளும் உள்ள குடும்பத்தை, வளர்ந்த ஆண்கள் பிரிந்துபோய்த் தனியாகவோ மற்ற ஆண்களோடோ திரிகின்றன. வழிநடத்துவது வேறு, எதிர்பாலை அடக்குவது வேறு.

சரி, தேர்வுக்கு வருவோம். விலங்கின் பெயர் கொடுத்து, ஆண் ஆதிக்கமா பெண் ஆதிக்கமா, ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறார்கள். இதே வகுப்பில்தான் 121 குரங்கினங்களை அலசி 2025இல் வெளிவந்த ஆய்வைப் பற்றியும் சொல்கிறார்கள்: ஆண்கள் தெளிவாக மேலே இருந்தது சுமார் 17 சதவீதக் கூட்டங்களில், பெண்கள் மேலே இருந்தது சுமார் 13 சதவீதத்தில், மிச்சமெல்லாம் இடைப்பட்ட நிலை. ஆண் மிகப் பெரியதாக இருந்து தரையில் வாழ்ந்து பல பெண்களோடு சேரும் இடங்களில் ஆண் பக்கம் சாய்கிறது, ஜோடியாக அல்லது மரத்தில் வாழும் இனங்களில் பெண் பக்கம் சாய்கிறது என்று அழகாக விளக்கவும் செய்கிறார்கள். அப்புறம் அந்தப் பெரிய நடுப்பகுதிக்குத் தேர்வில் ஒரு கட்டம்கூட இல்லை! இதை எழுதிக் கேட்டேன், 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று தானியங்கிப் பதில் வந்தது, அவ்வளவுதான்.

கழுதைப்புலி, அப்புறம் போனோபோ, அப்புறம் அந்தக் குரங்கின ஆய்வு, இந்த வரிசையில் பாருங்கள், அவர்கள் கொடுத்திருக்கும் வரிசை குழப்பம்தான். சான்றிதழ் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் மட்டும் தேர்வைத் திறங்கள், திறந்தால் யானைக்குப் 'பெண்' என்றே போட்டுவிடுங்கள், இல்லையென்றால் மதிப்பெண் போய்விடும்.