ரீசெட்டுக்கு எதை நம்புவது: ஆர்.சி.யா, பிரவுன்-அவுட்டா, சூப்பர்வைசரா?

10 கிலோஓம் ரெசிஸ்டர், 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், ரெசிஸ்டருக்குக் குறுக்கே ஒரு டயோடு. பிராசசரை முதலிலிருந்து கிளப்பும் ரீசெட் பின்னுக்கு இந்த ஆர்.சி. (ரெசிஸ்டர்-கெபாசிட்டர்) சுற்று போதும் என்றுதான் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். சுவிட்சைப் போட்டால் போர்டு ஒழுங்காகத்தான் எழுந்தது. ஆனால் நான் செய்த ஒரு கருவியில், ரிலே (மின்காந்த சுவிட்ச்) இழுக்கும்போது ஈஈபிராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) வைத்திருந்த அளவுத்திருத்த எண்கள் எப்போதாவது கெட்டுப்போயின.

ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தால், 5 வோல்ட் சப்ளை சில மில்லிநொடிக்கு 2 வோல்ட் வரை இறங்கி ஏறுகிறது. டயோடு கெபாசிட்டரை ஏறக்குறைய 2.6 வோல்ட் வரைதான் வடிக்கும். அதாவது, அந்த நேரத்திலும் ரீசெட் பின் சப்ளையைவிட மேலேதான் நிற்கிறது. பின் நன்றாகக் கீழே இறங்கினால்தான் ரீசெட்; அதனால் அது நடக்கவே இல்லை. பிராசசர் அரை மயக்கத்தில் எதையோ எழுதிவிட்டது. ஆர்.சி.க்கு நேரம் மட்டும்தான் தெரியும், வோல்டேஜ் தெரியாது. சப்ளை மெதுவாக ஏறினால் கெபாசிட்டரும் கூடவே ஏறிவிடும். அப்போது, சுவிட்ச் போட்டதும் ரீசெட்டைச் சிறிது நேரம் பிடித்து வைக்கும் அந்தத் தாமதமும் கிடைக்காது.

சரி, சிப்புக்குள்ளேயே இருக்கும் பிரவுன்-அவுட் (சப்ளை ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் ரீசெட் செய்யும் பகுதி)? கூடுதல் பாகம் வேண்டாம், வோல்டேஜையே பார்க்கிறது. ஆர்.சி.யைவிட எவ்வளவோ மேல். ஆனால் மட்டத்தைப் பார்த்து வைக்க வேண்டும். அட்மெகா328பி என்ற மைக்ரோகண்ட்ரோலரில் 1.8, 2.7, 4.3 வோல்ட் என்று மூன்று மட்டங்கள் உண்டு. 16 மெகாஹெர்ட்ஸில் ஓட அந்தச் சிப்புக்குக் குறைந்தது 3.8 வோல்ட் அளவு வேண்டும். மட்டத்தை 2.7-இல் விட்டால், நடுவிலுள்ள ஒரு வோல்ட் இடைவெளியில் யாரும் காவல் இல்லை. அதனால் 4.3-தான் சரி. அப்புறம், இது தன் சிப்பை மட்டுமே காக்கும். பக்கத்திலுள்ள மற்ற சிப்புகளுக்கு ரீசெட் போகாது.

சூப்பர்வைசர் ஐசி (சப்ளையைக் கண்காணித்து ரீசெட் கொடுக்கும் தனிச் சிப்) அந்தக் குறையையும் தீர்க்கிறது. அதில் ஒன்றான மேக்ஸ்809 மூன்றே கால்கள் கொண்டது. 5 வோல்ட் சப்ளையில் 5 சதவீத விலகலை ஏற்றால் 4.63 வோல்ட் வகை, 10 சதவீதம் என்றால் 4.38. 3.3 வோல்ட்டுக்கு அதே கணக்கில் 3.08, 2.93. சப்ளை சீரான பிறகும் குறைந்தது 140 மில்லிநொடி ரீசெட்டைப் பிடித்து வைக்கும். சப்ளை 1 வோல்ட் வரை இறங்கினாலும் ரீசெட் வெளியீட்டை நம்பலாம். ஒரு விஷயம்: 809 புஷ்-புல், அதாவது கோட்டை மேலேயும் கீழேயும் தானே இழுக்கும். சிப்பில் நிரல் ஏற்றும் புரோகிராமர் கருவியும் அதே ரீசெட் கோட்டை இழுத்தால் இரண்டும் மோதும். அங்கே கீழே மட்டும் இழுக்கும் ஓப்பன்-டிரெயின் வகையான 803-ஐயும், கோட்டை மேலே தூக்க ஒரு புல்-அப் ரெசிஸ்டரையும் போடுங்கள்.

நினைவகத்தில் எழுதும் எந்தக் கருவிக்கும் இனி சூப்பர்வைசர் இல்லாமல் நான் போர்டு வரைவதில்லை. எதையும் சேமிக்காத சின்னக் கருவிக்குச் சரியான மட்டத்தில் வைத்த பிரவுன்-அவுட் போதும்.

என் கருவியில் 4.38 வகையைப் போட்டதும் எண்கள் கெடுவது நின்றது. ஆனால் ரிலே இழுக்கும் ஒவ்வொரு முறையும் கருவி மறுபடி முதலிலிருந்து கிளம்பியது. சூப்பர்வைசர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. சரிவைத் தடுப்பது அதன் வேலையில்லை. ரிலேவுக்குத் தனி ரெகுலேட்டர் கொடுத்த பிறகுதான் அந்தச் சரிவே நின்றது.