வேள்பாரியா, பொன்னியின் செல்வனா: ஒன்றுதான் வாங்குவதென்றால்?

2025-ல் தமிழில் கொண்டாடப்பட்ட புத்தகம் எது என்று கேட்டால் சு. வெங்கடேசனின் வேள்பாரியைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு லட்சம் பிரதிகள் விற்றதற்காக ஜூலை மாதம் சென்னையில் விழா எடுத்தார்கள், ரஜினிகாந்தே வந்திருந்தார். இத்தனைக்கும் அது புதுப் புத்தகம் இல்லை. 2016 முதல் 2018 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்த நாவல்தான். அதற்குச் சரியான போட்டியைத் தேடினால் இன்னும் பழசுக்குப் போக வேண்டியிருக்கிறது: 1950-ல் கல்கி இதழில் தொடங்கிய பொன்னியின் செல்வன். 2022-லும் 2023-லும் படம் வந்த பிறகு கிளம்பிய அதன் இரண்டாவது அலை இன்னும் ஓயவில்லை.

விற்பனையை வைத்து இரண்டில் எது பெரியது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. வேள்பாரி ஒரே பதிப்பகத்தின் புத்தகம், கணக்கு ஒரே இடத்தில் இருக்கிறது. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் பொன்னியின் செல்வனை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அடிக்கிறார்கள். எல்லாரையும் கூட்டி எண்ணுவதற்கு ஆள் ஏது? தமிழ் நூல்களை இணையத்தில் வைத்திருக்கும் மதுரைத் திட்டத்தில் இலவசமாக இறக்கிப் படித்தவர்கள் எந்தக் கணக்கிலும் வர மாட்டார்கள்.

ஆகவே விற்பனையை விட்டுவிட்டு வாசிப்புக்கு வருவோம். கல்கியின் பலம் வேகம். ஆடிப்பெருக்கு அன்று கதாநாயகன் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான். கொஞ்ச நேரத்தில் ஆழ்வார்க்கடியானின் சண்டை, அன்றிரவே கடம்பூர் மாளிகையில் சதிக்கூட்டம். அவன் அதை ஒளிந்திருந்து கேட்கும்போது நாமும் மாட்டிக்கொள்கிறோம். அவனிடம் எனக்குப் பிடித்ததே அவன் உளறுவதும் அவசரப்படுவதும்தான். அசடு வழிந்தபடியே ஐந்து பாகத்தையும் இழுத்துக்கொண்டு போகிறான். ஆனால் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலைக்குப் பிறகு ஐந்தாம் பாகம் நீண்டுகொண்டே போகும். கொன்றது யார் என்பதையும் கல்கி பட்டென்று சொல்லமாட்டார். அதற்காகவே அவரைத் திட்டும் வாசகர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை.

வேள்பாரியில் அந்த ஓட்டத்தை எதிர்பார்க்காதீர்கள். கபிலர் மூச்சு வாங்க மலையேறுகிறார், வழிகாட்டியாக நீலன். பாரி ஆளும் பறம்பு மலைக்குப் போய்ச் சேரும் முன்பே செடி, கொடி, விலங்கு, குலக்கதை என்று காடு நம்மைச் சூழ்ந்துகொள்கிறது. புறநானூற்றில் கபிலர் உழவர் உழாமலே பறம்பில் கிடைக்கும் நான்கைப் பட்டியலிடுவார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். அந்தச் சில அடிகளை வெங்கடேசன் ஒரு முழு உலகமாக வளர்த்திருக்கிறார். எப்போதும் வடக்கு நோக்கியே உட்காரும் தேவாங்கு என்று ஒரு கற்பனை வருகிறது பாருங்கள். கடலில் திசை காட்ட அது உதவும் என்று தெரிந்ததும் வணிகர்களின் கண் மலைமேல் விழுகிறது. மூவேந்தர் பகைக்கு இப்படி ஒரு வணிகக் காரணத்தை யோசித்தது நாவலின் பெரிய சாமர்த்தியம். கல்கியின் சதிகாரர்களுக்கு அரியணைதான் கண்ணுக்குத் தெரியும், இங்கே காடே பண்டமாகிறது. இன்றைய இளைஞர்களை இது இழுப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. பாரி தவறே செய்வதில்லை. அப்படிப்பட்ட ஒருவனை ஆயிரம் பக்கத்துக்கு மேல் வியந்துகொண்டே இருப்பது கொஞ்சம் களைப்புதான். இரண்டாம் தொகுதியின் போர் எனக்கு நீளமாகப் பட்டது. போர்க்காட்சிப் பிரியர்களோ அதைத்தான் உச்சம் என்பார்கள்.

ஓவியங்களில் ஒரு சுவையான உறவு உண்டு. பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது வரைந்தவர் மணியம், வேள்பாரிக்கு வரைந்தவர் அவருடைய மகன் மணியம் செல்வன். குந்தவையின் கொண்டையை அப்பா கற்பனை செய்தார், பறம்பு வீரனின் தோளை மகன் கற்பனை செய்தார்.

சரி, எதை வாங்குவது? தமிழில் பெரிய நாவல் எதையும் படித்திராதவருக்குப் பொன்னியின் செல்வன். பாதியில் மூடி வைக்கும் ஆபத்து அதில் குறைவு. சங்கப் பாடலில், காட்டில், மலையில் ஆசை உள்ளவர் தயங்காமல் வேள்பாரிக்குப் போகலாம். முதல் தொகுதிக்காக மட்டுமே வாங்கினாலும் நஷ்டமில்லை. இயக்குநர் ஷங்கர் வேள்பாரியைப் படமாக்கப் போவதாகச் சொல்லிவருகிறார், முகங்கள் மனதில் பதிவதற்கு முன்பே படித்துவிடுவது நல்லது.

பொன்னியின் செல்வன் வாங்கும்போது விலையை மட்டும் பார்த்து மலிவுப் பதிப்பைத் தூக்கிவிடாதீர்கள். ஐந்து பாகத்தையும் ஒரே கட்டாகத் திணித்த பதிப்புகளைப் படுத்துக்கொண்டு படிக்க முடியாது, சிலவற்றில் எழுத்து பொடியாக இருக்கும். கடையிலேயே நடுப்பக்கம் ஒன்றைப் பிரித்துப் பார்த்து, மணியத்தின் ஓவியங்கள் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.