ஸ்ட்ராஸ்பூரா, எக்ஸ்-மார்சேயா? புகழ்பெற்றவர்கள் பட்டியலைப் பிரித்துப் பார்த்தால்

பல்கலைக்கழகங்கள் வெளியிடும் 'புகழ்பெற்றவர்கள்' பட்டியலைப் பார்த்தால் எனக்குக் கல்யாணப் பத்திரிகைதான் ஞாபகம் வரும். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற வரிக்குக் கீழே, பெரிய பதவியில் இருக்கும் தூரத்துச் சொந்தத்தின் பெயர் தவறாமல் அச்சேறியிருக்கும். கல்யாண வேலையில் கை வைத்தவர் யார் என்பதைப் பத்திரிகை சொல்லாது.

பிரான்சின் பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு இந்தப் பட்டியல் வெறும் பெருமைக்கு மட்டும் இல்லை. உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தி 2003இல் வெளிவரத் தொடங்கிய ஷாங்காய் தரவரிசையில் நோபல் பரிசுக்கும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கும் மட்டும் 30 சதவீத மதிப்பெண்: படித்துப் போனவர்களுக்கு 10, வேலை பார்ப்பவர்களுக்கு 20. அந்தத் தரவரிசையில் பின்தங்கியதும், சிதறிக் கிடந்த பல்கலைக்கழகங்களை ஒன்று சேர்க்கும் வேகத்துக்கு ஒரு காரணம். ஸ்ட்ராஸ்பூர் 2009இல் மூன்றை ஒன்றாக்கியது. எக்ஸ்-மார்சேய் 2012இல் மூன்றை ஒன்றாக்கியது. சோர்போன் யுனிவர்சிட்டே 2018இல் வந்தது, பாரிஸ்-சாக்ளே அதற்கும் பிறகு.

இவற்றின் பட்டியல்களை ஒப்பிட நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான். ஒருவர் எந்த வேலையால் பெயர் வாங்கினாரோ, அந்த வேலை அங்கே நடந்ததா?

முதலில் எக்ஸ்-மார்சேய். சுமார் 80,000 மாணவர்கள். பிரெஞ்சு பேசும் உலகிலேயே பெரிய பல்கலைக்கழகம் என்று சொல்லிக்கொள்கிறது. வயதும் குறைவில்லை, புரோவான்ஸ் பிரபு இரண்டாம் லூயி 1409இல் எக்ஸ் நகரில் தொடங்கியதுதான் இதன் வேர். பட்டியலில் ஓவியர் பால் செசான் இருக்கிறார். ஆனால் அவர் அங்கே படித்தது சட்டம், அதுவும் வங்கி நடத்திய அப்பாவின் கட்டாயத்தில். பாதியில் விட்டுவிட்டு 1861இல் பாரிசுக்குக் கிளம்பிவிட்டார். அவரைப் பட்டியலில் சேர்ப்பது, வீட்டைவிட்டு ஓடிப்போன பையனின் படத்தைக் கூடத்தில் மாட்டி வைப்பது மாதிரி.

கவிஞர் மிஸ்த்ரால் கதையும் கிட்டத்தட்ட அதுவே. 1851இல் எக்ஸில் சட்டப் பட்டம் வாங்கினார், 1904இல் இலக்கிய நோபல் வாங்கினார். இரண்டுக்கும் நடுவே இருந்தது புரோவான்சு மொழி. சட்டக் கல்லூரிக்கு அதில் பங்கில்லை. 2008இல் நோபல் பெற்ற லெ கிளேசியோ 1964இல் எக்ஸில் ஆய்வேடு சமர்ப்பித்தவர். அதற்கு முன்பே நாவலாசிரியராகப் பெயர் வாங்கிவிட்டார்.

ஆனால் சட்டத்துறைப் பெயர்களை அப்படித் தள்ளிவிட முடியாது. 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை வரைந்தவர்களில் முக்கியமானவரான போர்த்தாலிஸ் எக்ஸில் சட்டம் படித்தவர். மனித உரிமைகளுக்கான உலகப் பிரகடனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரும் 1968இல் அமைதி நோபல் பெற்றவருமான ரெனே காசனும் அங்கே படித்தவரே. இவர்கள் கற்ற பாடம் பிற்பாடு செய்த வேலைக்குள் நேராகப் போயிருக்கிறது. ஆகவே எக்ஸின் பலம் சட்டம் என்று தயங்காமல் சொல்லலாம். அறிவியலில் பொதுவாசகர் அறிந்த பெயர் கார்லோ ரொவெல்லி. குவாண்டம் ஈர்ப்பு பற்றி எழுதுகிற இத்தாலியர். மார்சேயில் நீண்ட காலம் பணியாற்றியவர்.

இப்போது ஸ்ட்ராஸ்பூர். 1538இல் பள்ளிக்கூடமாகத் தொடங்கி 1621இல் பல்கலைக்கழகமானது. நகரம் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் மாறி மாறிக் கைமாறியதால் பட்டியலும் இரண்டு மொழியில் இருக்கும். என் அளவுகோல் இங்கேதான் நன்றாக வேலை செய்கிறது.

ரான்ட்கன் ஸ்ட்ராஸ்பூரில் 1870களில் பாடம் நடத்தினார். எக்ஸ்-ரே கதிரைக் கண்டது 1895இல், ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்கில். ஆகவே அவரை விட்டுவிடலாம். ஆனால் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் 1897இல் கேதோடு கதிர்க் குழாயை உருவாக்கியது ஸ்ட்ராஸ்பூரிலேயே. வீட்டு மூலையில் பெட்டி டிவி வைத்திருந்த தலைமுறைக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அந்தப் பெட்டிக்குள் இருந்தது அவர் குழாய்தான். 1909இல் மார்க்கோனியோடு நோபலைப் பகிர்ந்துகொண்டபோதும் அவர் அங்கேதான் இருந்தார்.

லூயி பாஸ்டர்? 1849இல் வேதியியல் ஆசிரியராக வந்தார், அதே வருஷம் ரெக்டரின் (பல்கலைக்கழகத் தலைவர்) மகளைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையும் ஆனார். படிகங்கள் பற்றிய ஆய்வைத் தொடர்ந்துவிட்டு 1854இல் லீல் நகருக்குப் போய்விட்டார். தடுப்பூசிப் புகழெல்லாம் வெகு பிந்தியது. அவருக்கு அரை மதிப்பெண் கொடுக்கலாம்.

வரலாற்றில் ஸ்ட்ராஸ்பூருக்கு முழு மதிப்பெண். முதல் உலகப் போருக்குப் பின் அங்கே சேர்ந்த மார்க் பிளாக்கும் லூசியன் ஃபெவ்ரும் 1929இல் 'அன்னால்' இதழைத் தொடங்கினார்கள். அரசர், போர், தேதி என்று ஓடிக்கொண்டிருந்த வரலாற்று எழுத்தை வயல், பணம், மனப்போக்கு என்று திருப்பிவிட்ட இதழ் அது. பிளாக்கை 1944 ஜூனில் நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டபோ சுட்டுக் கொன்றது.

கணிதத்திலும் ஒரு நல்ல கதை. 1930களில் ஆந்த்ரே வெய்லும் ஆன்ரி கார்ட்டானும் அங்கே நுண்கணிதம் நடத்தினார்கள். எந்தத் தேற்றத்தை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று கார்ட்டான் நச்சரிக்க, புதுப் பாடநூலே எழுதிவிடலாம் என்று வெய்லுக்குத் தோன்றியது. அதிலிருந்து பிறந்ததுதான் 'புர்பாக்கி' என்ற பெயரில் எழுதிய கூட்டம். முதல் சந்திப்பு மட்டும் 1934 டிசம்பரில் பாரிஸ் காபிக்கடை ஒன்றில். வெய்ல் அதற்கு முன் அலிகாரில் வேலை பார்த்தவர். அங்கே அவருக்கு நெருக்கமாக இருந்த டி. விஜயராகவன்தான் பின்னாளில் சென்னை ராமானுஜன் கணித நிறுவனத்தின் முதல் இயக்குநர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வேதியியலில் ஸ்ட்ராஸ்பூரை யாரும் நெருங்க முடியாது. ழான்-மாரி லேன் 1987இல் நோபல் வாங்கினார். அவரிடம் முனைவர் பட்டம் பெற்ற ழான்-பியர் சோவாஜ் மூலக்கூறு இயந்திரங்களுக்காக 2016இல் வாங்கினார். குரு, சீடர் இருவரும் அதே ஊரில் படித்து, அதே ஊரிலேயே வேலை செய்தவர்கள். பழ ஈயின் நோய் எதிர்ப்பு முறையை ஆராய்ந்து 2011இல் மருத்துவ நோபல் பெற்ற ஜூல் ஹோஃப்மனும் அங்கேயே.

இருண்ட பக்கமும் உண்டு. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் பல்கலைக்கழகம் மத்திய பிரான்சின் கிளெர்மோன்-ஃபெரானுக்கு இடம்பெயர்ந்தது. 1943 நவம்பரில் அங்கேயும் ஜெர்மானியர் புகுந்து பலரைக் கைது செய்து முகாம்களுக்கு அனுப்பினார்கள். காலியான ஸ்ட்ராஸ்பூர் கட்டடங்களில் நாஜிகள் நடத்திய பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்தவர் ஆகஸ்ட் ஹிர்ட். எலும்புக்கூடு சேகரிப்புக்காக 86 யூதர்களைக் கொல்ல வைத்தவர். ஜெர்மன் பேரரசர் கைசர் காலத்து பிரவுனைப் பெருமையாகச் சேர்த்துக்கொள்ளும் எந்தப் பட்டியலும் ஹிர்ட்டைத் தாண்டிப் போகும்போது வாசகர் கொஞ்சம் நிற்கத்தான் வேண்டும்.

சரி, பாரிஸ்? அது ஒரு பாகப்பிரிவினை வழக்கு. பழைய பாரிஸ் பல்கலைக்கழகம் 1968 கிளர்ச்சிக்குப் பிறகு 13 துண்டானது. மேரி கியூரி எந்தத் துண்டுக்குச் சொந்தம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அண்மைக் காலத்தவர் எம்மானுவேல் ஷார்பான்டியே. இன்றைய சோர்போனின் பாதியான பியர்-மேரி கியூரி பல்கலைக்கழகத்தில் படித்தவர். மரபணுக் கத்திரிக்காக 2020இல் நோபல் வாங்கும்போது பெர்லினில் இருந்தார். என் அளவுகோலில் சோர்போனுக்கு இது செசான் கணக்குதான்.

உண்மையான போட்டி ஸ்ட்ராஸ்பூருக்கும் சாக்ளேக்கும்தான். பாரிசுக்குத் தெற்கே ஓர்சேயில் 1950களில் ஜோலியோ-கியூரி தம்பதி முயற்சியால் வளர்ந்த வளாகம் அது. ஆல்பர்ட் ஃபெர்ட் 1988இல் கண்ட காந்தத் தடை விளைவு (காந்தப்புலத்தால் மின்தடை பெரிதும் மாறுவது) பிறகு ஹார்ட் டிஸ்க்குக்குள் போனது, 2007இல் நோபல் வந்தது. அலென் அஸ்பே 1980களின் தொடக்கத்தில் ஒளித்துகள்களான ஃபோட்டான்களை வைத்துச் செய்த சோதனைகளும் ஓர்சேயில்தான். அவருக்கு 2022இல் கிடைத்தது. கணிதத்தில் யோக்கோஸ், வெர்னர் என்று ஃபீல்ட்ஸ் வரிசை நீளும். 2020 ஷாங்காய் பட்டியலில் சாக்ளே 14ஆம் இடம், கணிதத்தில் முதலிடம்.

இயற்பியலும் கணிதமும் என்றால் சாக்ளே என்பேன். வேதியியலும் வரலாறும் என்றால் ஸ்ட்ராஸ்பூர். சட்டம் என்றால் எக்ஸ். ஓவியத்துக்கு செசான் பெயரைப் பார்த்துவிட்டு யாரும் எக்ஸில் விண்ணப்பம் போட்டுவிட வேண்டாம்.