1,850 பவுணுக்கு ஒரு வெறும் பெட்டி

மேற்கு லண்டனில், கிராண்ட் யூனியன் கால்வாயில், இரும்புப் படகொன்றில் குடியிருக்கிறேன். கடந்த வியாழக்கிழமை படகைக் கரைக்குத் தூக்கி அடிப்பகுதியைப் பார்த்த நேரம் முதல் எனக்கு நித்திரை இல்லை. படகுக்குக் கரை மின்சாரம் எடுக்கவிருக்கும் வேறு யாரும் என்னைப்போல 1,850 பவுணைத் தண்ணீரில் போட்டுவிடக் கூடாது என்பதற்காக, கோபம் ஆறுவதற்கு முன்பே எழுதுகிறேன்.

சென்ற வருடம் மார்ச் மாதம் வரை படகில் இருந்தது 12 வோல்ட் மட்டுமே. விளக்கு, தண்ணீர்ப் பம்பு, குளிர்பெட்டி எல்லாம் பற்றரியில் ஓடின. நிரந்தரமாகக் கட்டிவைக்க இடம் கிடைத்ததும், கரைத் தூணிலுள்ள 16 அம்பியர் நீல சொக்கெட்டிலிருந்து 230 வோல்ட்டை உள்ளே கொண்டுவரவும், படகு நகரும் நாட்களில் அதே இணைப்புகளுக்கு இன்வேர்ட்டரிலிருந்து மின்சாரம் கொடுக்கவும் ஆள் தேடினேன். வேலையாட்களைப் பிடித்துக் கொடுக்கும் இணையதளம் ஒன்றில், ஐந்து நட்சத்திரங்களோடும் 'படகு மின்வேலையில் நீண்ட அனுபவம்' என்ற குறிப்போடும் ஒருவர் கிடைத்தார்.

அவரை நான் நம்பிய கணம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தவர், தேநீரைக் குடித்துக்கொண்டே, நான் கேளாமலேயே கல்வானிக் ஐசொலேட்டரைப் பற்றிப் பேச்செடுத்தார். கரைக் கேபிளின் எர்த் வயர் பக்கத்துப் படகுகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்துவிடுவதால், கால்வாய்த் தண்ணீரே பற்றரி அமிலம் போல வேலை செய்து, ஒரு படகின் உலோகம் இன்னொன்றைக் காப்பதற்காகக் கரைந்து போகும் என்றார். அந்தச் சிறிய நேர்மின்னோட்டத்தைத் தடுத்து, மின்கசிவு நேர்ந்தால் வரும் பெரிய மின்னோட்டத்தை மட்டும் போக விடுவதற்கே அந்தப் பெட்டிக்குள் டயோடுகள் இருக்கின்றன என்றும் விளக்கினார். அத்தனையும் உண்மை. இவ்வளவு தெரிந்தவர் செய்யாமல் விடுவாரா என்று நினைத்தேன். தளத்தின் வழியாகக் கட்டினால் தரகு போய்விடும் என்று அவர் சொன்னதும், 1,850 பவுணையும் அவருடைய கணக்குக்கே நேராக அனுப்பினேன். மடைத்தனம்தான்.

படகின் தகட்டுக்குப் பதிலாகத் தாம் கரைந்து அதைக் காக்கும், சில வருடங்களாவது தாங்கியிருக்க வேண்டிய மக்னீசியம் அனோடுகள் பதினான்கு மாதங்களில் எலும்பாகிக் கிடந்தன. நீர்மட்டத்துக்குக் கீழே, 6 மில்லிமீற்றர் தகட்டில், நகம் புதையும் குழிகள், ஆழமானது 1.8 மில்லிமீற்றர். ஐசொலேட்டர் இருக்கிறதா என்று படகைப் பார்க்க வந்த சோதனையாளர் கேட்டபோது, பெருமையோடு சாம்பல் நிறப் பெட்டியைக் காட்டினேன். நான்கு திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தார். உள்ளே பச்சை-மஞ்சள் எர்த் வயர்கள் இரண்டு, அவற்றைச் சேர்த்துப் பிடிக்க ஒரு போல்ட். டயோடு ஒன்றும் இல்லை.

அதன்பின் ஒவ்வொன்றாக வெளிவந்தது. கரை மின்சாரமும் இன்வேர்ட்டரும் எந்த மாற்றுச் சுவிட்சும் இல்லாமல் ஒரே பெட்டிக்குள் சந்தித்தன; 'ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதைப் போடவும்' என்று மார்க்கரால் எழுதிய ஒட்டுத்தாள்தான் பாதுகாப்பு. இன்வேர்ட்டர் ஓடும்போது கரைக் கேபிளைக் கழற்றினால், படகுச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளை முனைகளில் 230 வோல்ட் நிற்கும். எத்தனை தடவை அதைக் கையால் துடைத்திருப்பேன்! எர்த் கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.டி.யின் சோதனைப் பட்டனை நான் மாதந்தோறும் அழுத்திப் பார்த்தேன், அதுவும் ஒழுங்காக விழுந்தது. ஆனால் இன்வேர்ட்டரில் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்படாததால், சோதனையாளர் உண்மையான எர்த் கசிவை உண்டாக்கியபோது அது அசையவே இல்லை. 2,000 வாட் இன்வேர்ட்டர் 12 வோல்ட்டில் 160 அம்பியருக்கு மேல் இழுக்கும். அந்தக் கேபிளில் பற்றரிக்கு அருகே பியூஸ் கிடையாது.

வேலை செய்தவர் தொலைபேசியில் முதலில் பக்கத்துப் படகின் குற்றம் என்றார், பிறகு அனோடு மட்டமானது என்றார், பிறகு எடுக்கவே இல்லை. தளத்தாரோ, பணம் வெளியே கைமாறியதால் தங்கள் உத்தரவாதம் செல்லாது என்றும், தாங்கள் அறிமுகம் செய்துவைப்பவர்கள் மட்டுமே என்றும் ஒரே கடிதத்தை மூன்று முறை அனுப்பினார்கள். 1,850 பவுணைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் எழுதிய விமர்சனம் 'நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டு' என்று நீக்கப்பட்டது. அவருடைய ஐந்து நட்சத்திரங்கள் அப்படியே இருக்கின்றன.

விரிவாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் தொடங்கினேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. ஐசொலேட்டர் பெட்டியை உங்கள் கண்முன் திறந்து காட்டச் சொல்லுங்கள். கரையும் இன்வேர்ட்டரும் ஒரே நேரத்தில் சேரவே முடியாதபடி, லைவ், நியூட்ரல் இரண்டையும் மாற்றும் சுவிட்ச் கேளுங்கள். நியூட்ரல்–எர்த் இணைப்பு இன்வேர்ட்டர் ஓடும்போது மட்டும் படகில் இருக்க வேண்டும். கரை மின்சாரம் வந்ததும் விலக வேண்டும். பியூஸ் பற்றரியின் பக்கத்தில் இருக்கட்டும். சிறு படகுகளின் மின்னமைப்புக்கான ஐ.எஸ்.ஓ. 13297 தரநியமத்தின்படி செய்ததாக எழுத்தில் வாங்குங்கள். அதன் 2020 பதிப்பு பற்றரியின் நேர்மின்சாரம், 230 வோல்ட் மாறுமின்சாரம் இரண்டையும் சேர்த்தே பேசுகிறது. நான்கு வருடத்துக்கொருமுறை வாங்கும் படகுப் பாதுகாப்புச் சான்றிதழை நம்பி இருந்துவிடாதீர்கள், அந்தச் சோதனையில் அடித்தகட்டைப் பார்ப்பதில்லை. பணத்தைத் தளத்துக்கு வெளியே கொடுக்காதீர்கள்.

கரைக் கேபிள் இப்போது கூரையில் சுருட்டிக் கிடக்கிறது. குழிகளை வெல்டிங்கால் நிரப்ப வேறொருவர் கேட்டிருக்கும் தொகை அந்த 1,850 பவுணை விட அதிகம்.